வேதாகமத்தில் ‘மகிமை’ என்றால் என்ன? ஓர் எளிய விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதிகம் புழங்கும் சொற்களை எண்ணினால் ‘மகிமை’ முதல் வரிசையில் வந்துவிடும். சாட்சி சொல்கிறவர் “எல்லா மகிமையும் தேவனுக்கே” என்று முடிப்பார். பாடல் நடத்துகிறவர் “மகிமை இறங்குகிறது” என்பார். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் இது பழகிய சொல்தான்: தல மகிமை, துளசியின் மகிமை, மார்கழி மாதத்தின் மகிமை.

சரி, மகிமை என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஒளி என்பார். இன்னொருவர் புகழ் என்பார். மூன்றாமவர் ஜெபக் கூட்டத்தில் உடம்பு சிலிர்த்ததைச் சொல்வார். மூவரும் முழுக்கத் தவறில்லை. ஆனால் மூவரும் பிடித்திருப்பது கிளைகளை. வேர் கொஞ்சம் கீழே இருக்கிறது, அதைத் தொட்டுவிட்டால் கிளைகள் ஏன் இப்படிப் பிரிந்தன என்பது தானாகப் புரிந்துவிடும்.

இது பக்திக் கட்டுரை இல்லை. பைபிளில் அந்தச் சொல் எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் பார்க்கப்போகிறோம். வசனங்களைப் பெரும்பாலும் பழைய தமிழ் வேதாகமத்தின் நடையிலேயே தந்திருக்கிறேன், பலருக்குக் காதில் இருப்பது அதுதான்.

முதலில் கனம்

பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரெய மொழியில் எழுதப்பட்டது. தமிழில் ‘மகிமை’ என்று வாசிக்கும் பெரும்பாலான இடங்களில் மூலத்தில் இருக்கும் எபிரெயச் சொல் ‘காபோத்’. அதன் வேருக்கு அடிப்படைப் பொருள் எடை, பாரம். அதே வேரில் பிறந்த ‘காபேத்’ என்றால் கனமானது. ஈரலுக்கும் எபிரெயத்தில் இதே பெயர்தான், உடலுக்குள் கனமான உறுப்பு என்பதால்.

எடைக்கும் மகிமைக்கும் என்ன சம்பந்தம்? தமிழ் பேசுகிறவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய சிரமம் இருக்கக் கூடாது. “அவர் வெயிட்டான ஆளு” என்று ஊரில் சொல்கிறோம். அவரைத் தராசில் ஏற்றிவிட்டுச் சொல்வதில்லை. அவர் உள்ளே வந்தால் மற்றவர் பேச்சு நிற்கும், அவர் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் நடக்கும், அவரை ஒதுக்கிவிட்டு எதையும் முடிவு செய்ய முடியாது. சட்டமன்றத்தில் ‘மாண்புமிகு’ வருவதற்கு முன்னால் அமைச்சர்களுக்கு ‘கனம்’ என்றுதான் அடைமொழி. கோர்ட்டு மனுக்களில் ‘கனம் கோர்ட்டார் அவர்கள்’ என்று எழுதிய வழக்கமும் உண்டு. எபிரெயர்களும் இதே வழியில்தான் யோசித்தார்கள். ஒருவரின் காபோத் என்பது அவருக்கு இருக்கும் கனம். அதாவது, அவரை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள வைக்கும் எல்லாமும் சேர்ந்தது.

பத்துக் கட்டளைகளில் ஒன்று: “உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக.” மூலத்தில் அங்கே இருப்பது இதே வேரின் வினைச்சொல். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இடத்தில் வேரையே பிடித்துவிட்டார்கள் என்று சொல்லலாம். பெற்றோரின் பேச்சை எடை உள்ளதாக நடத்து என்பது கட்டளை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. தகப்பனையோ தாயையோ சபிக்கிறவனைப் பற்றி யாத்திராகமம் பேசும்போது வரும் எபிரெய வினையின் வேருக்கு ‘லேசாக இருப்பது’ என்று பொருள். ஒருவரைச் சபிப்பது என்றால் அவரை எடையில்லாதவர் ஆக்குவது. நாமும் கோபம் வந்தால் “என்னை அவ்வளவு லேசா நினைச்சிட்டியா?” என்றுதானே கேட்கிறோம்.

இந்தக் கனம் எங்கெல்லாம் வருகிறது

ஆதியாகமத்தில் ஆபிராமுக்கு ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் நிறைய இருந்தன என்று ஒரு வசனம் வருகிறது. தமிழில் ‘சீமானாயிருந்தான்’ என்று அழகாகப் போட்டிருக்கிறார்கள். எபிரெயத்தில் அவன் அவற்றில் ‘மிகவும் கனமாயிருந்தான்’. இங்கே கனம் என்றால் சொத்து. பின்னால், எகிப்தில் அதிகாரியாகிவிட்ட யோசேப்பு தன் அண்ணன்களிடம், எனக்கு இங்கே இருக்கும் மகிமையை எல்லாம் அப்பாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்கிறான். அங்கே அது பதவியும் செல்வாக்கும். அந்த இடத்தில் ஒளி என்று பொருள் கொண்டால் யோசேப்பு பல்பு மாதிரி ஆகிவிடுவான்.

இந்த வேரை வைத்துக் கதை சொன்னவர்கள் விளையாடியும் இருக்கிறார்கள். சாமுவேலின் முதல் புத்தகம் நாலாம் அதிகாரத்தில், பெலிஸ்தரோடு நடந்த போரில், கடவுள் தங்கள் நடுவே இருப்பதன் அடையாளமாக இஸ்ரவேலர் வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டி பறிபோய்விட்டது என்ற செய்தி வருகிறது. முதிய ஆசாரியன் ஏலி இருக்கையிலிருந்து மல்லாந்து விழுந்து கழுத்து முறிந்து சாகிறான். ஏன் முறிந்தது? அவன் வயதானவன், உடம்பு கனத்தவன் என்கிறது வசனம். கனத்தவன் என்பதற்கு அங்கே ‘காபேத்’. சில வரிகள் தள்ளி, அவன் மருமகள் பிரசவத்தில் சாகும் தறுவாயில் பிள்ளைக்கு ‘இக்கபோத்’ என்று பெயர் வைக்கிறாள். மகிமை இஸ்ரவேலைவிட்டுப் போயிற்று என்று அதற்குக் காரணமும் சொல்கிறாள். அந்தப் பெயரின் வால் ‘காபோத்’தான். ஆசாரியன் வீட்டில் உடம்பின் கனம் மட்டும் மிஞ்சியிருந்தது, உண்மையான கனம் வெளியேறிவிட்டது. எபிரெயத்தில் கேட்டவர்களுக்கு இந்தக் குத்தல் உடனே உறைத்திருக்கும். நமக்குத் தமிழில் அது தெரிவதில்லை.

இன்னொரு விநோதம் சங்கீதம் 57-இல்: “என் மகிமையே, விழி, வீணையே, சுரமண்டலமே, விழியுங்கள்.” மகிமை எப்படித் தூங்கும், எப்படி விழிக்கும்? இங்கே அது ‘என் உள்ளம்’, ‘நான்’ என்ற பொருளில் வருகிறது. ஒரு மனிதனுக்குள் எடையுள்ளது எதுவோ அது. இந்த மாதிரி இடங்களில் மூலத்தில் இருந்திருப்பது ‘ஈரல்’ என்ற சொல்லாக இருக்கலாம் என்று நினைக்கும் ஆய்வாளர்களும் உண்டு. “ஈரக்குலை நடுங்கிப்போச்சு” என்று சொல்லும் நம் ஆட்களுக்கு அது ஒன்றும் அதிசயமாகப் படாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எபிரெயத்தில் மகிமைக்கு அடியில் இருப்பது எடை. மனிதர் விஷயத்தில் அது சொத்தாகவோ பதவியாகவோ மதிப்பாகவோ வெளிப்படும். இன்னும் ஒளி என்ற பேச்சே வரவில்லை.

கனம் கண்ணுக்குத் தெரிந்தால்

இப்போது கேள்வி கடவுளிடம் போகிறது. கடவுளுக்கு ஆடுமாடு கிடையாது, எகிப்தில் உத்தியோகம் கிடையாது. அவருடைய கனம் எப்படித் தெரியும்? பழைய ஏற்பாட்டின் பதில்: சில சமயம் மேகமாக, சில சமயம் நெருப்பாக.

சீனாய் மலைமேல் கர்த்தருடைய மகிமை தங்குகிறது. மேகம் ஆறு நாள் மலையை மூடுகிறது. கீழே நின்ற ஜனங்களுக்கு அது மலையுச்சியில் எரிக்கும் நெருப்பைப் போலத் தெரிகிறது. ஆசரிப்புக் கூடாரம், அதாவது வழிபாட்டுக்கான கூடாரம், கட்டி முடித்ததும் மகிமை அதை நிரப்புகிறது, மோசேயால்கூட உள்ளே போக முடியவில்லை. சாலொமோன் கட்டிய ஆலயத்திலும் அதே கதை: மேகத்தின் காரணமாக ஆசாரியர்களால் நின்று வேலை செய்ய முடியவில்லை. கவனியுங்கள், இந்த இடங்களில் மகிமை பார்வைக்கு வெளிச்சம் கொடுப்பதைவிடப் பார்வையை மறைப்பதுதான் அதிகம். ஆனால் இடத்தை அடைத்துக்கொள்கிறது, ஆட்களை வெளியே தள்ளுகிறது. கனமான ஒன்று உள்ளே வந்தால் நடப்பது அதுதான்.

ஆக, மேகமும் நெருப்பும் மகிமையின் அடையாளங்கள். வெளிச்சத்தையே மகிமை என்று எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலை யாத்திராகமம் 33 நன்றாகக் காட்டுகிறது. “உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்” என்று மோசே கேட்கிறார். இத்தனைக்கும் நெருப்பையும் மேகத்தையும் அவர் ஏற்கெனவே பார்த்தவர். இதைவிடப் பெரிய வெளிச்சம் வேண்டும் என்று கேட்டாரா? கிடைத்த பதிலைப் பாருங்கள். என் தயையை எல்லாம் உனக்கு முன்பாகக் கடந்துபோகப் பண்ணுவேன், என் நாமத்தைக் கூறுவேன் என்று கடவுள் சொல்கிறார். மோசே பாறை வெடிப்பில் ஒதுங்கி நிற்க, அடுத்த அதிகாரத்தில் அந்த நாமம் அறிவிக்கப்படுகிறது: இரக்கமும் கிருபையும் உள்ளவர், நீடிய சாந்தம் உள்ளவர். மகிமையைக் காட்டு என்றவருக்குக் குணம் சொல்லப்படுகிறது. என்னைப் பொறுத்தவரை, மகிமை பற்றிப் பழைய ஏற்பாடு சொல்வதில் மிக முக்கியமான பக்கம் இதுதான். பிரசங்கங்களில் இந்தப் பகுதி வரும்போது பாறை வெடிப்புக்குக் கிடைக்கும் நேரம் பதிலுக்குக் கிடைப்பதில்லை.

எசேக்கியேலையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஆசாரியர் அவர். கேபார் நதிக்கரையில் அவர் கண்ட தரிசனத்தில் மகிமை சக்கரங்கள் உள்ள ஒரு சிங்காசனத்தோடு வருகிறது. ஆலயம் எருசலேமில் இருக்கிறது, மகிமையோ அந்நிய நாட்டில் வந்து நிற்கிறது. பிறகு அந்த மகிமை எருசலேம் ஆலயத்தின் வாசற்படிக்கு நகர்கிறது, கிழக்கு வாசலுக்குப் போகிறது, நகரத்துக்குக் கிழக்கே இருக்கும் மலையில் போய் நிற்கிறது. படிப்படியான வெளிநடப்பு. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் ஆலயத்தை இடித்தார்கள். எசேக்கியேலின் பார்வையில் அவர்கள் இடித்தது ஏற்கெனவே கனம் போய்விட்ட கட்டடத்தை. புத்தகத்தின் கடைசிப் பகுதியில் மகிமை அதே கிழக்கு வழியாகத் திரும்பி வருகிறது.

இடையில் ஒரு திருத்தம். ‘ஷெக்கினா மகிமை’ என்று நம் சபைகளில் நிறையக் கேட்கிறோம். அது பைபிளில் வரும் சொற்றொடர் என்று பலரும் நம்புகிறார்கள். பைபிளில் ‘ஷெக்கினா’ என்ற சொல் எங்கேயும் இல்லை. பிற்காலத்து யூத ரபிமார் தங்கள் எழுத்துகளில் கடவுள் மக்கள் நடுவே தங்குவதைக் குறிக்கப் பயன்படுத்திய சொல் அது. தங்குதல், குடியிருத்தல் என்பதே அதன் வேர். கருத்துக்கு வேதாகமத்தில் ஆதாரம் உண்டு, சொல் மட்டும் பிறகு வந்தது.

கிரேக்கத்துக்குப் போனபோது

கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து எகிப்தின் அலெக்சாந்திரியாவில் எபிரெய வேதம் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. காபோத்துக்கு அவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுத்த சொல் ‘டாக்ஸா’. இந்தத் தேர்வு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

டாக்ஸா என்றால் அந்தக் காலக் கிரேக்கர்களுக்கு அபிப்பிராயம். ‘தோன்றுகிறது’, ‘எனக்குப் படுகிறது’ என்ற வினையிலிருந்து வந்த சொல். தத்துவ ஞானி பிளேட்டோ உண்மையான அறிவுக்கு எதிரே வெறும் அபிப்பிராயமாக நிறுத்துவது இந்த டாக்ஸாவைத்தான். ஒருவரைப் பற்றிப் பிறர் வைத்திருக்கும் நல்ல அபிப்பிராயம் என்ற வழியில் அது பெயர், புகழ் என்றும் ஆனது. எபிரெயச் சொல் ஒருவரிடம் இருக்கும் எடையைப் பேசியது. கிரேக்கச் சொல் மற்றவர் கண்ணில் அவர் எப்படித் தெரிகிறார் என்பதைப் பேசியது.

அந்தச் சொல்லை மேகம், நெருப்பு, சீனாய் வரும் இடங்களில் எல்லாம் போட்டதால் டாக்ஸாவுக்கும் ஒரு புதுப் பொருள் ஏறியது: கடவுளின் பிரகாசம். புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டபோது இந்த எல்லாப் பொருள்களும் அதற்குள் இருந்தன. லூக்காவில் மேய்ப்பர்களைச் சுற்றிலும் கர்த்தருடைய மகிமை பிரகாசித்தது என்றால் அது ஒளி. சில வரிகளில் தூதர்கள் “உன்னதத்திலிருக்கிற தேவனுக்கு மகிமையும்” என்று பாடினால் அது புகழ்ச்சி. ஒரே பக்கம், ஒரே சொல், இரண்டு வேலை.

ஆக மூன்று அடுக்குகள் இருக்கின்றன. ஒருவரிடம் இருக்கும் கனம், அந்தக் கனம் வெளியே தெரியும் விதம், தெரிந்ததை மற்றவர் ஒப்புக்கொள்வது. ஒளி இரண்டாம் அடுக்கு, புகழ் மூன்றாம் அடுக்கு. கேட்பவருக்கு வரும் சிலிர்ப்பு எந்த அடுக்கிலும் இல்லை. அது பார்க்கிறவரின் உடம்பில் நடப்பது.

யோவான் செய்த தலைகீழ் வேலை

இந்தச் சொல்லின் இரண்டு முகத்தையும் தெரிந்துகொண்டு எழுதியவர் யோவான் நற்செய்தியின் ஆசிரியர். ஓர் இடத்தில் அவர் சில தலைவர்களைப் பற்றி, அவர்கள் தேவனால் வருகிற மகிமையைவிட மனுஷரால் வருகிற மகிமையை அதிகமாய் விரும்பினார்கள் என்கிறார். இரண்டு இடத்திலும் டாக்ஸாதான். ஊர் வைத்திருக்கும் அபிப்பிராயம் ஒரு பக்கம், கடவுள் தரும் மதிப்பு மறுபக்கம்.

அதைவிட வியப்பானது பன்னிரண்டாம் அதிகாரம். மனுஷகுமாரன் மகிமைப்படும் வேளை வந்தது என்று இயேசு சொல்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அரியணையை எதிர்பார்த்திருக்கலாம். அவர் அடுத்த மூச்சில் பேசுவது நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியைப் பற்றி. யோவானில் இயேசு மகிமைப்படுவது என்றால் சிலுவையும் அதில் அடக்கம். ரோமப் பேரரசில் சிலுவை மரணம் என்பது ஒருவனின் மானத்தையும் மதிப்பையும் சுத்தமாகத் துடைத்தெறியும் தண்டனை. ஊர் அபிப்பிராயத்தின்படி அங்கே டாக்ஸா பூஜ்யம். மோசேக்குக் கிடைத்த பதிலை நினைவில் வைத்திருந்தால் யோவான் சொல்வது பிடிபடும்: கடவுளின் கனம் அவருடைய குணம் என்றால், அந்தக் குணம் முழுதாகத் தெரிந்த இடத்தில்தான் மகிமையும் தெரிந்தது என்கிறார். இதை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விசுவாசம். ஆனால் அவர் சொல்ல வருவது இதுதான்.

புதிய ஏற்பாட்டில் சபைகளுக்குப் பல கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுலும் ஒரு வேலை செய்கிறார். யூதராக வளர்ந்து கிரேக்கத்தில் எழுதியவர் ஆயிற்றே. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இலேசான உபத்திரவத்தை ஒரு தட்டிலும் ‘மகிமையின் பாரத்தை’ இன்னொரு தட்டிலும் வைக்கிறார். கிரேக்கத்தில் தொலைந்த எடையைத் தனியாக ஒரு சொல் போட்டுத் திரும்பக் கொண்டுவருகிறார். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது “நித்திய கனமகிமை”. அருமையான கூட்டுச்சொல், எபிரெயமும் கிரேக்கமும் ஒரே சொல்லில்.

மனிதர் எப்படி மகிமை ‘செலுத்த’ முடியும்?

புதிதாக வாசிக்கிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. கடவுளிடம் ஏற்கெனவே எல்லா மகிமையும் இருக்கிறது என்றால் நாம் கொடுக்க என்ன இருக்கிறது? மூன்று அடுக்கைப் பிரித்துப் பார்த்தால் விடை சுலபம். செலுத்துவது மூன்றாம் அடுக்கு. இல்லாத கனத்தைக் கூட்டுவது அங்கே நடப்பதில்லை, இருக்கும் கனத்தை ஒத்துக்கொள்வதே செலுத்துவது.

அதனால்தான் பைபிளில் இந்தப் பேச்சு சில சமயம் பாட்டுக் கச்சேரியில் வராமல் விசாரணையில் வருகிறது. எரிகோவில் கொள்ளைப் பொருளை ஒளித்துவைத்த ஆகானிடம் யோசுவா, கர்த்தருக்கு மகிமையைச் செலுத்து, நீ செய்ததைச் சொல் என்கிறார். பொய்யைப் போட்டு மழுப்பாதே என்று அர்த்தம். பிறவிக் குருடனாக இருந்து பார்வை பெற்றவனைப் பரிசேயர் என்ற யூத மதப் பிரிவினர் இரண்டாம் முறை கூப்பிட்டு “தேவனை மகிமைப்படுத்து” என்பதும் அதே பாணிதான், உண்மையைச் சொல் என்று சத்தியம் கேட்கிறார்கள். அவன் உண்மையைத்தான் சொன்னான், அவர்களுக்கு அது பிடிக்கவில்லை.

ஒத்துக்கொள்ளாதவன் கதையும் உண்டு. யூதேயாவின் ராஜா முதலாம் ஏரோது அகிரிப்பா கி.பி. 44-இல் செசரியாவில் இறந்தான். புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகம் அதற்குச் சொல்லும் காரணம், ஜனங்கள் அவனைத் தேவன் என்று ஆர்ப்பரித்தபோது அவன் தேவனுக்கு மகிமையைச் செலுத்தவில்லை என்பது. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸும் இதே சம்பவத்தை எழுதியிருக்கிறார். அவர் கூடுதலாகத் தருவது ஒரு விவரம்: அன்று காலை ராஜா முழுக்க வெள்ளியால் நெய்த உடையில் அரங்குக்கு வந்தான், இளவெயில் பட்டு அது கண்ணைப் பறித்தது. பிரகாசம் இருந்தது, கூட்டத்தின் புகழ்ச்சி இருந்தது. வயிற்றுவலியோடு ஐந்து நாள் கிடந்து செத்தான் என்று யோசேபஸ் முடிக்கிறார்.

மகிமையா, மாட்சியா?

புராட்டஸ்டண்ட் சபைகளில் மகிமை, கத்தோலிக்கத் திருப்பலியில் மாட்சி. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் தூதர் பாடல் “உன்னதத்தில் கடவுளுக்கு மாட்சி உரித்தாகுக” என்று வருகிறது. எது சரி என்று சண்டை போட ஒன்றுமில்லை. மகிமை சமஸ்கிருத வழி வந்தது, பெருமை, பெரிதாயிருத்தல் என்று பொருள். மாட்சி தமிழ்ச் சொல், மாண்பு என்பதோடு உறவு. அட்டமா சித்திகளைத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை தோன்றலாம். அந்தப் பட்டியலில் மகிமா என்றால் உருவத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் ஆற்றல், எடையைக் கூட்டும் ஆற்றலுக்குப் பெயர் கரிமா. எபிரெயத்துக்கு நெருக்கம் என்று பார்த்தால் கரிமாதான் வர வேண்டும்! நல்லவேளை, யாரும் முயற்சி செய்யவில்லை.

வாசிக்கும்போது செய்ய வேண்டியது எளிது. மகிமை என்று வரும் இடத்தில் மூன்று அடுக்கில் எது பொருந்துகிறது என்று கேட்டுப் பாருங்கள். பழக ஒரு நல்ல இடம் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம். பதினைந்தாம் அதிகாரத்தில் சூரியனுடைய மகிமை வேறு, சந்திரனுடைய மகிமை வேறு என்கிறார் பவுல். அது பிரகாசம். நாலு அதிகாரம் முன்னால், பெண்ணுக்கு நீண்ட கூந்தல் மகிமை என்கிறார். அங்கே சூரியனையும் ஷெக்கினாவையும் இழுத்து வராமல் ‘பெருமை’ என்று வாசித்துவிட்டுப் போகலாம்.